நாற்காலி சொன்ன வயசு

சவுரியம்மாளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அதைவிடப் பெரிய சேதி, மூன்று நாளாக அவள் யாரையும் திட்டவில்லை. கார்த்திகை மழை ஓட்டு இடுக்கில் இறங்கி அரிசி டின்மேல் சொட்டியபோதும் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே புகுந்து, முறத்தில் காய வைத்திருந்த மல்லாட்டைக் கடலையைக் கிளறிவிட்டுப் போனபோதும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மகள் அமலா பயந்தது அப்போதுதான்.

“எம்மா, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“நீ வேல செய்ற ஆஸ்பத்திரிதான். வேற எங்க போறது?”

சவுரியம்மாள் மெல்லத் திரும்பினாள். கண் இரண்டும் காய்ச்சலில் பளபளத்தன. “அங்க வேணாம். அனந்தபுரத்துல ஊசி போட்டுக்கினு வந்துடலாம்.”

“ரெண்டு ஊசி போட்டாச்சி, ஒண்ணும் கேக்கல. நாலு வார்த்த பேசறதுக்குள்ள ஒனக்கு மூச்சு வாங்குது. அண்ணன் மெட்ராஸ்ல கீறான், எம்புருசன் போர்வெல் வண்டியோட வடக்க கீறான். ஒண்ணு ஆச்சின்னா நான் ஒருத்தி யாரம்மா கூப்புடுவேன்?”

சவுரியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கே கொஞ்ச நேரம் வாய் திறந்து காற்றைத் தேடினாள். பிறகு கேட்டாள்: “வர்றேன். வயசு கேட்டா இன்னா சொல்லுவ?”

“தெரியும்மா.”

“சொல்லு.”

“நாப்பத்தஞ்சு.”

“தூங்கறப்ப எழுப்பிக் கேட்டா?”

“நாப்பத்தஞ்சு.”

“சரி, பொடவைய எடு.”

அந்த நாற்பத்தைந்துக்கு ஒரு கதை உண்டு. சவுரியம்மாள் பிறந்தது ஆதார் கார்டில் இருக்கிற வருஷத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் நீல மையில் எழுதியது இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஐம்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருஷம் திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் போனது. விடியுமுன் உமி அள்ளி அடுப்பில் போட்டு, தொட்டியில் நெல் அவித்து, ஆவி பறக்கப் பறக்கக் களத்தில் கொட்டி, வெறுங்காலால் கிண்டிக் கிண்டிக் காய வைக்கிற வேலை. உமிச் சாம்பல் மூக்கிலும் காதிலும் சோற்றிலும் இருக்கும். அமலாவின் சின்ன வயசு ஞாபகத்தில் அம்மா எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்காகக் குளித்து நிற்கும்போது வேறு யாரோ ஒரு பெண் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்பா முத்துசாமி அதே மில்லில் மூட்டை தூக்கினார். அவர் செத்த பிறகு, மில்லிலும் காய வைக்கிற மெஷின் வந்த பிறகு, தாயும் மகளும் மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கே திரும்பினார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணி அந்த ஊருக்கு வந்தார். விழுப்புரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிற வேலையை ஒரு கம்பெனி எடுத்திருந்தது. அதற்கு இவர் சூப்பர்வைசர். நாற்பத்திரண்டு வயசுக்கு மேல் ஆள் எடுக்கக் கூடாது, ஐம்பது ஆனால் அனுப்பிவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். இளவயசுப் பெண்களெல்லாம் செருப்பு கம்பெனி வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம். மாசிலாமணிக்கு ஆள் கிடைக்கவில்லை. மனுசன் யோசித்தார். பன்னிரண்டு பெண்களை ஒரு டெம்போவில் ஏற்றி, ஒரு கடிதாசியோடு, கார்டு திருத்துகிற சென்டருக்குக் கூட்டிப் போனார். வளையல் கடையில் அளவு கேட்கிற மாதிரி அங்கே ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்கள்: “ஒனக்கு எவ்ளோ வேணும்மா?” அந்த ஒரு காலைப்பொழுதில் பதினோரு பெண்கள் சேர்ந்து நூற்று முப்பது வருஷத்தை உதிர்த்துவிட்டு டெம்போவில் ஏறினார்கள். பன்னிரண்டாவது ஆள் மலர்விழிக்கு மட்டும் குறைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே முப்பத்து மூன்று.

சேதி கேட்டு மகன் ஆரோக்கியராஜ் போனில் சிரித்தான். “ஏம்மா, இந்தக் கார்டுப்படி பாத்தா நான் ஒனக்குப் பத்து வயசுல பொறந்துருக்கேன்.”

“ஆமாண்டா. ஒன்ன இடுப்புல தூக்கி வெச்சிக்கினுதான் நாலாங்கிளாஸ் படிச்சேன். போன வைடா.”

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஒருத்தி வயசு வெளியே வந்தால் கம்பெனி எல்லாருடைய வயசையும் தோண்டும் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அதனால் யார் வீட்டிலும் யாரும் வாய் தவறிக்கூட வருஷம் பேச மாட்டார்கள். மாசத்துக்கு ஒரு தடவை சவுரியம்மாள் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்வாள். சட்டை மேல் போட்டோ ஒட்டிய பேட்ஜ் குத்திக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போவாள்.

செஞ்சி ரோட்டில் பஸ் ஏறியபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நட்ட பயிர் முழுகி, வயல் எல்லாம் ஒரே தண்ணீராக, வானம் கீழே வந்து படுத்துவிட்ட மாதிரி கிடந்தது. சவுரியம்மாள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். பாதி வழியில் மகளின் கையைச் சுரண்டினாள்.

“வகிட்டுல வெள்ள தெரியுதா பாரு.”

தெரிந்தது. விரல்கடை அகலத்துக்கு நரை வேர்விட்டிருந்தது. அமலா முந்தானையை இழுத்து அம்மாவின் தலையை மூடிவிட்டாள். “தெர்ல,” என்றாள்.

ஆஸ்பத்திரி முன்னால் தகரக் கொட்டகை போட்டுக் காய்ச்சல்காரர்களுக்கு என்று தனி வரிசை விட்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் மறுபடி துணி ஏறியிருந்தது. “கொரோனா திரும்பி வந்துட்டுதாம்” என்றார் ஒருவர். “அது இல்லப்பா, இது வேற வைரசு. சளிக்காச்சலு. சில பேர தும்மலோட வுட்டுடுது, சில பேரப் புடிச்சா நெஞ்சுல ஒக்காந்துக்குது” என்றார் இன்னொருவர். போன வாரம் பூரா காய்ச்சல் வார்டில் படுக்கை விரிப்பு மாற்றியது சவுரியம்மாள்தான்.

தாழ்வாரத்தில் துடைப்பக்கட்டையோடு நின்ற அம்சா அவர்களைப் பார்த்துவிட்டாள். சவுரியம்மாளோடு அன்றைக்கு டெம்போ ஏறிய கூட்டாளி.

“அடியே சவுரி! லீவு போட்டுட்டு வீட்டுல கீறன்னு பாத்தா, பேஷண்டு மாதிரி வந்து நிக்கற? நான் தொடச்ச எடத்துல சேத்துக் கால வைக்காத.”

சவுரியம்மாள் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. அம்சாவின் முகம் மாறியது. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அமலாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“பாப்பா, வயசு மட்டும்...”

“தெரியும் அத்த.”

“தெரியும்னு சொல்றது வேற, வாயக் கட்டறது வேற. கேஸ் ஷீட்டுல ஏறிச்சின்னா அது ஆபீசுக்குப் போவும், ஆபீசுலருந்து கம்பெனிக்குப் போவும். என் கார்டுல நாப்பத்தேழு. என் மருமவனுக்கு நாப்பத்தெட்டு ஆவுது. எனுக்குக் கீது அறுவது. இத வுட்டா எனுக்கு எவன் வேல குடுப்பான், சொல்லு?”

மேசையில் ஒரு நர்ஸ் பெண் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டு மார்க் போட்டாள். வயசு? நாப்பத்தஞ்சு. சர்க்கரை? இல்ல. பிரஷர்? இல்ல. விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று நாலு. கூட்டிப் பார்த்துவிட்டுப் பச்சைச் சீட்டு ஒன்றைக் கிழித்தாள்.

“மாத்தர வாங்கிக்கினு வீட்டுக்குப் போங்க. தனியா படுங்க, சுடுதண்ணி குடிங்க. ரொம்ப முடியலன்னா வாங்க.”

“மூச்சு வாங்குதுங்க,” என்றாள் அமலா.

“பெட்டு ஆறுதான் கீது. அம்பதுக்கு மேலன்னா தானா மார்க் ஏறிடும், செவப்புச் சீட்டு குடுத்து உள்ள அனுப்பிடுவோம். இவங்களுக்கு வயசு கொறச்சல், நோவும் இல்ல. டாக்டரப் பாத்தே ஆவணும்னா அந்தப் பெஞ்சுல ஒக்காருங்க. ஒரு மணி நேரம் ஆவும்.”

அடுத்து வந்த ஆளுக்கு ஐம்பத்திரண்டு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கணீரென்று பேசினார். சிவப்புச் சீட்டு கிடைத்தது. “எனுக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போனார்.

பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சவுரியம்மாளின் இரண்டு தோளும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே போய் இறங்கின. கிணற்றில் ஆழத்துக்குப் போய்விட்ட வாளியை யாரோ இழுத்துக்கொண்டே இருப்பது போல அமலாவுக்குத் தோன்றியது. அம்மாவின் நகக்கண்களைப் பார்த்தாள். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி லேசாக நீலம் பூத்திருந்தது.

“எம்மா, சொல்லிடட்டுமா?”

“இன்னாத்த?”

“வயச.”

“சொன்ன, நான் செத்தாக்கூட என் மூஞ்சியில முழிக்காத.”

“செத்தப்பறம் நான் இன்னாத்துக்கும்மா முழிக்கணும்? இப்ப சொன்னா பெட்டு கெடைக்கும்.”

சவுரியம்மாள் சொல்ல வேண்டியதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். “மில்லுல இருவத்திரண்டு வருசம். ஏ, இந்தாம்மேன்னு கூப்புடுவானுங்க. ஒருத்தனுக்கும் பேரு தெரியாது. இங்க டாக்டரு கூட சவுரிக்கான்னு கூப்புடுது. பேட்ஜுல பேரு கீது.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நான் ஒருத்தி போனா பரவால்ல. இன்னும் பத்துப் பேரு அடுப்பு கீது. வாய மூடு.”

மாசிலாமணி குடையை மடக்கிக்கொண்டே வந்தார். நல்ல மனுசன்தான், ஆனால் எப்போதும் யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி நடப்பார். “இன்னா சவுரி, நாளைக்கு வந்துடுவ இல்ல? மூணு பேரு வரல. ஒரே பேஜாரா கீது.”

“வந்துடறன் சார்,” என்றாள் சவுரியம்மாள், நிமிர்ந்து உட்கார்ந்து.

டாக்டர் சித்ராவின் அறைக்குக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. “அட, நம்ம சவுரிக்கா!” என்று எழுந்து வந்து முதுகில் குழலை வைத்துக் கேட்டார். பச்சைச் சீட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“நெஞ்சுப் படம் எடுக்கணும். பொண்ணு நீங்க போய் அந்தக் கட்டடத்துல பேர் பதிஞ்சு டோக்கன் வாங்கிக்கிட்டு வாங்க.”

அமலா மழையில் முற்றத்தைக் கடந்து ஓடினாள். எக்ஸ்ரே ஜன்னலில் எட்டுப் பேர். வரிசை நத்தையாக நகர்ந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் நிமிராமலே கேட்டது: “பேஷண்டு பேரு? வயசு?”

“சவுரியம்மாள். நாப்பத்தஞ்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளைத் தாக்கியது. நாக்கு தானாகச் சொல்லியிருந்தது. அவளே கத்தரிக்கோலை எடுத்து அம்மாவின் ஆயுளில் பன்னிரண்டு வருஷத்தை வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. முன்னால் நறுக்கியதா, பின்னால் நறுக்கியதா என்று உயிருக்குத் தெரியுமா? பச்சைச் சீட்டோடு பஸ் ஏறி, சொட்டுகிற அந்த ஓட்டுக்குக் கீழே அம்மாவைப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். டோக்கனை வாங்காமலே திரும்பி ஓடினாள்.

டாக்டர் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா ஒரு மர நாற்காலியில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நர்ஸ் பெண் கேஸ் ஷீட்டோடு நின்றாள். சக்கர நாற்காலி தள்ள ஆள் கேட்டு யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், வாசலோரம் மாசிலாமணியும் நின்றார். அமலா எதையும் பார்க்கவில்லை.

“டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு நாப்பத்தஞ்சு இல்ல. அம்பத்தேழு. பங்குக் கோயில் புத்தகத்துல கீது. வேலைக்காகக் கார்டுல கொறச்சிப் போட்டாங்க. பெட்டு குடுங்க, எங்கம்மாவ அனுப்பிடாதீங்க!”

 நர்ஸ் பெண் சின்னவள், பழக்கதோஷம், கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிட்டாள். அம்பத்தேழு.

டாக்டர் சித்ரா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். சிவப்புச் சீட்டு. மை காய்ந்திருந்தது.

“நான் ஏற்கெனவே பெட் எழுதிட்டேன்மா.”

“எப்படிங்க?”

“கையைக் கட்டிக்கிட்டு இந்த நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காரச் சொன்னேன். நாலாவது தடவை முடியலை. தொண்ணூத்து நாலா இருந்த ஆக்சிஜன் எண்பத்தேழுக்கு இறங்கிடுச்சு. அழுத்திப் பிடிங்கன்னு ஒரு கருவியைக் கையில குடுத்தேன், பிடியிலயும் பலம் இல்லை.” அவர் குரல் தணிந்தது. “வருஷம் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் போகுது. உடம்பு அப்படிப் போறதில்லை. புகை, தூசு, வேலை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து அதுக்குன்னு ஒரு வயசு ஆகுது. ரத்தத்திலேயே அதைப் பாக்கிற டெஸ்ட் எல்லாம் வருது. எனக்கு இந்த நாற்காலி போதும். அக்காவுக்கு நாற்பத்தஞ்சும் இல்லை, அம்பத்தேழும் இல்லை. எழுபதுக்குப் பக்கத்துல சொல்லுது. இந்த மாதிரிக் காய்ச்சல் வந்தா அந்த வயசைத்தான் பாக்கும், கார்டைப் பாக்காது.”

“அப்ப நான் சொன்னது...”

டாக்டர் நர்ஸின் தாளைப் பார்த்தார். “கேஸ் ஷீட்ல எழுதினதை அடிக்கக் கூடாது,” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

மாசிலாமணி குடையைக் கையில் பிடித்தபடி ஒரு அடி பின்னால் போனார். “என் காதுல எதுவும் வுழலம்மா,” என்றார். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த அம்சா பிழிவதை நிறுத்தியிருந்தாள். சவுரியம்மாள் மகளைத் தலை தூக்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அமலா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை.

நாலு நாள் மூக்கில் குழாய் இருந்தது. இரண்டாவது நாள்தான் மோசம். நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் சளி வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்று படத்தைக் காட்டினார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அதை முடிக்கவில்லை. அமலா கட்டிலுக்குக் கீழே பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். கஞ்சி வேணுமா என்றால் அம்மா தலையை ஆட்டுவாள். குளிருதா என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். நர்ஸிடம் பேசினாள், பக்கத்துக் கட்டில் கிழவியிடம் பேசினாள். மகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

நாலாம் நாள் அம்சா துடைக்க வந்தாள். அமலா பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலோடு பேசினாள்.

“சவுரி, ஒன் பொண்ணாண்ட சொல்லு, காலத் தூக்கிக்கச் சொல்லு. தொடைக்கணும்.”

அமலா காலைத் தூக்கிக்கொண்டாள்.

“ஒன் பொண்ணாண்ட சொல்லு, நல்லா படிச்சவ மாதிரி பேசிச்சாம். ஆபீசு பூரா கேட்டுச்சாம்.”

“இன்னா ஆச்சி, அத சொல்லு,” என்றாள் சவுரியம்மாள்.

அம்சா கட்டையில் சாய்ந்து நின்றாள். “கம்பெனிக்காரன் வந்துட்டான். எல்லாரும் ஞானஸ்நான சீட்டு, பள்ளிக்கூட சீட்டு எடுத்துக்கினு வாங்கன்றான். நான் எந்தப் பள்ளிக்கூடத்தக் கண்டேன்? அப்ப இந்த டாக்டரம்மா நேரா, ஆஸ்பத்திரி நடத்தற மதராண்ட போயி சண்ட போட்டுச்சி. கார்ட வெச்சி ஆள அனுப்பாதீங்க, வயசு கார்டுல இல்ல, ஒடம்புல கீது, வேல செய்ய முடியுதா பாருங்கன்னு. மதரும் சரின்னுட்டாங்க. கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். ஓ, அப்பிடியான்னு அதையே புடிச்சிக்கினான்.”

“எத?”

“நாற்காலிய. கையக் கட்டிக்கினு அஞ்சு தடவ எழுந்து ஒக்காரணும். பதினஞ்சு செகண்டுக்குள்ள. மாசிலாமணி போன்ல டைம் பாப்பாரு. முடிச்சா வேல, முடிக்கலன்னா வீடு. நாளைக்கு எங்களுக்கு. ஒனுக்கு வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு.” அம்சாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “காலையில பஸ்ஸுல சீட்டுலருந்து எழுந்து எழுந்து ஒக்காந்து பாத்துக்கினு வந்தேன். கண்டக்டரு, ஏ கெழவி, ஒண்ணு ஒக்காரு, இல்ல எறங்குன்றான். நாப்பத்தேழுடா எனுக்குன்னேன். பஸ்ஸே சிரிச்சிச்சி.”

மறுநாள் மத்தியானமே முடிவு தெரிந்துவிட்டது. அம்சா பதினொரு செகண்டில் முடித்துவிட்டாள். சின்ன வயசிலிருந்து நாற்று நட்ட முழங்கால், குனிந்து நிமிர அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். தோற்றது இரண்டு பேர். அதில் ஒருத்தி மலர்விழி. கார்டில் முப்பத்தெட்டு, நிஜத்திலும் முப்பத்தெட்டு. மரக்காணம் உப்பளத்தில் பத்து வயசிலிருந்து நின்ற கால் அவளுக்கு. பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிரசவ வார்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததாக நர்ஸ் பெண் சொன்னாள். வயசைக் குறைக்காத ஒரே ஒருத்தி.

சாயங்காலம் டாக்டர் சித்ரா வந்து கட்டிலோரம் நின்றார். படங்களையும் பார்க்கவில்லை, நாடியையும் பிடிக்கவில்லை.

“நான் அதுக்காகச் சொல்லலை சவுரிக்கா. யாரையும் அனுப்பறதுக்காக அந்த நாற்காலி இல்லை. முன்கூட்டியே காப்பாத்தறதுக்கு. மதர்கிட்ட மறுபடி பேசறேன்.”

“தெரியும்மா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க.” சவுரியம்மாளின் பார்வை ஒரு கணம் மகள் மேல் போய்த் திரும்பியது. “நல்லதுக்குத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க.”

“நாளான்னைக்கு உங்களை அனுப்பறேன். ஆனா ஒரு மாசம் வேலை கிடையாது. எழுந்தா மூச்சு இறங்குது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது, சரியா? இந்த டெஸ்ட் எல்லாம் இப்போ உங்களுக்கு வேண்டாம்னு எழுதித் தர்றேன்.”

“எழுதிக் குடுத்தா கம்பெனி ஒரு மாசம் எடத்த வெச்சிருக்குமாம்மா?”

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கேக்கறேன்,” என்றார். மறுநாள் கேட்டுவிட்டு வந்து, தலையை மட்டும் ஆட்டினார். வைத்திருக்க மாட்டார்களாம். வேண்டுமானால் போகிற அன்றைக்கு நாற்காலியில் முடித்துக் காட்டட்டுமாம்.

ஏழாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. பத்து மணிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அமலா போனை நர்ஸ் மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு, வெளியே தள்ளுவண்டிக்காரரிடம் கேப்பைக் கஞ்சி வாங்கப் போனாள். சவுரியம்மாள் சுடச்சுடக் கஞ்சி கேட்டதாகப் பக்கத்துக் கட்டில் கிழவி சொல்லியிருந்தாள். அது உடம்பு தேறுகிற அறிகுறி என்று தள்ளுவண்டிக்காரர் மோர்மிளகாய் ஒன்றைச் சும்மா வைத்தார். ஈர வெயிலில் ஆஸ்பத்திரிச் சுவர்கள் புதுசாக வெள்ளையடித்த மாதிரி இருந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகு அமலாவுக்குப் பசித்தது.

வார்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

அம்மா கட்டிலில் இல்லை. பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியைச் சுவரில் ஒட்டி இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தாள். தலையைப் படிய வாரி, கொண்டை போட்டிருந்தாள். விரலில் கிளிப் மாட்டியிருந்தது. அதன் சிவப்பு எண் தொண்ணூற்று மூன்று என்றது.

“எம்மா, இன்னா பண்ற?”

சவுரியம்மாள் அவளைப் பார்த்தாள்.

“எண்ணுடி,” என்றாள்.

ஏழு நாளில் மகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அமலா கஞ்சித் தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். டாக்டரைக் கூப்பிடலாம். நர்ஸைக் கூப்பிடலாம். வாயைத் திறந்தால் சத்தம் வரும், ஆட்கள் வருவார்கள். போன தடவையும் அப்படித்தான் வாயைத் திறந்தாள்.

அம்மா எழுந்தாள்.

“ஒண்ணு,” என்றாள் அமலா.

உட்கார்ந்தாள். எழுந்தாள். இந்த முறை முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று முட்டின. கழுத்து நரம்பு புடைத்தது.

“ரெண்டு.”

தொண்ணூறு. எண்பத்தொன்பது. மூன்றாவது முறை பாதி வழியில், உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், அவள் காற்றில் தொங்கினாள். பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்துகொண்டு “மாதாவே” என்றாள். கட்டிய கைகள் மட்டும் பிரியவில்லை. பல்லைக் கடித்து, தரையில் பெருவிரலை ஊன்றி, மில்லுக் களத்தில் நெல் கிண்டுகிற மாதிரி காலை அழுத்தி, சவுரியம்மாள் நிமிர்ந்து நின்றாள். சிவப்பு எண் எண்பத்தாறு.

“அஞ்சு,” என்றாள் அமலா. “அஞ்சு ஆச்சி. போதும், ஒக்காரும்மா.”

சவுரியம்மாள் தொப்பென்று உட்கார்ந்தாள். வாய் திறந்து, கண் மூடி, நெடுநேரம் காற்றை இழுத்தாள். நாள் பூராவும் அவித்த நெல்லைக் கூடை கூடையாக எண்ணிக் கொட்டியவள் அவள். எண்ணிக்கையில் அவளை யாரும் ஏமாற்றியதில்லை. கண்ணைத் திறந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எத்தினி செகண்டு?”

அமலாவின் கையில் கஞ்சித் தூக்கு மட்டும்தான் இருந்தது.

“பதினாலு,” என்றாள்.